வரிக் ‘கடன்’

கம்பத்திலும் சின்னமனூரிலும் சிறிய கடை வைத்திருப்பவர்கள் மாதக் கணக்கு முடிக்கையில் ‘உள்ளீட்டு வரிக் கடன்’ என்ற தொடரைக் கண்டு மிரள்வதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு யார் கடன்? தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: விற்பனையில் வசூலித்த வரியிலிருந்து கொள்முதலில் கொடுத்த வரியைக் கழிக்க வேண்டும். 8,000 ரூபாய் வசூலித்து 9,000 கொடுத்திருந்தால், 1,000 ரூபாய் கடைக்காரர் பக்கம் நின்று அடுத்த மாதத்துக்குப் போகும். இதைப் போய்க் கடன் என்பதா? கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே குடும்பம். பழந்தமிழில் கடன் என்றால் ஒருவர் செய்தே தீர வேண்டியது; சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பதே ஊரார் செலுத்திய வரி. ஆக, எக்காலத்திலும் அது நாம் கொடுக்க வேண்டியது. இத்தொடரின் ஆங்கில மூலத்தில் உள்ள ‘கிரெடிட்’ என்பதற்கு வங்கிப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. அரபியிலிருந்து வந்த ‘பாக்கி’யும் மாற்றாக உதவாது: கண்டக்டர் நமக்குத் தர வேண்டிய சில்லறையும் பாக்கி, மளிகைக்கடைக்கு நாம் தர வேண்டியதும் பாக்கி. நம் பேரேட்டிலோ ‘வரவு’ எப்போதும் இருக்கிறது. உள்ளீட்டு வரி வரவு, மிஞ்சினால் வரவு இருப்பு, கட்ட வேண்டியிருந்தால் நிலுவை. கணக்கு எழுதுவோரும் செய்தி எழுதுவோரும் இனி ‘வரிக் கடன்’ என்பதை விட்டுவிடுங்கள்.