பட்டியலும் எண்ணும்மையும்

கணனியின் நினைவகத்தில் ஒரே பெயரின் கீழ், 0, 1, 2 முதலான சுட்டெண்களால் வேறுபடுத்தி வைக்கப்படும் தரவுத் தொகுதி அணி எனப்படும். அதன் உறுப்புகளிடையே காற்புள்ளியும் இல்லை. இணைப்புச் சொல்லும் இல்லை. மனிதர் வாசிக்கும் பட்டியலாக அவ்வணி வெளிவரும்போது இவை எங்கிருந்தோ வந்து சேரவேண்டும். எங்கிருந்து என்னும் வினாவுக்குச் செய்நிரல் மொழிகள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை கூறியுள்ளன.

ஜோன் பக்கசின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1957இல் வெளியிட்ட போர்ட்ரான் மொழியில் அணிகள் எண்களின் அணிகளே. எத்தனை எண், ஒவ்வொன்றுக்கும் எத்தனை இடம், தசமப் புள்ளியின்பின் எத்தனை இலக்கம் என்பவற்றை 'ஃபோர்மற்' என்னும் கூற்று தீர்மானித்தது. சொல்லொன்றை அச்சிட வேண்டின் அதன் எழுத்துகளை எண்ணி, அத்தொகையை முன்னே குறித்தல் வேண்டும். கணிப்பையே நாடிய விஞ்ஞானிகளுக்கு எண் நிரல்கள் போதுமாயிருந்தன. 1960இன் அல்கோல் அறிக்கையோ வெளியீட்டை வரையறுக்காமலே விட்டது.

1958இல் ஜோன் மக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழிக்குப் பட்டியலே அடிப்படை. ஆயின் அது அடைப்புக்குறிக்குள், இடைவெளி மட்டும் விட்டு அச்சாயிற்று. கணனி மீள வாசிப்பதற்கேற்ற வடிவம் அது. மனிதருக்குரிய வடிவத்தையும் பின்னர் இம்மொழியினரே சிந்தித்தனர். கை ஸ்டீல் 1984இல் வெளியிட்ட கொமன் லிஸ்ப் நூலில் வியத்தகு வடிவச்சரம் ஒன்று உண்டு. உறுப்பே இல்லையெனில் இன்மையைக் கூறும். ஒன்றாயின் அதனை மட்டும் தரும். இரண்டாயின் இடையே 'அன்ட்' இடும். அதனினும் மிகுந்தால் காற்புள்ளிகளையும், இறுதி உறுப்பின் முன் அச்சொல்லையும் இடும். ஆங்கிலப் பட்டியலின் இலக்கணம் முழுவதும் ஒரு வரியில் அடங்கிற்று எனலாம். அவ்வரியை எழுதுவதிலும் வாசிப்பது கடினம் என்பது வேறு விடயம்.

சீ மொழியில் இவ்வசதி இல்லை. அவரவர் தமக்கெனச் சுற்று எழுதினர். இறுதியில் மிஞ்சும் காற்புள்ளி மாணவர் நன்கறிந்த பிழை. 1987இல் லரி வோல் வெளியிட்ட பேர்ள் மொழியின் 'ஜொயின்' பிரிப்பானை உறுப்புகளுக்கிடையில் மட்டுமே இட்டது. பைதனிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதே பெயரில் அது வழங்குகின்றது.

'ஜொயின்' எம்மொழியையும் அறியாது. அக்குறையை நிரப்ப யூனிக்கோட் அமைப்பின் தரவுத்தொகுதி ஒவ்வொரு மொழிக்கும் பட்டியல் வார்ப்பு வகுத்தது. 2021ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் நியமத்தில் இடம்பெற்ற 'லிஸ்ட்ஃபோர்மற்' இத்தகைய வார்ப்புகளின் வழியே இயங்குவது. வார்ப்பாவது முதலுறுப்புக்கு ஓரிடம், ஒரு சொல், அடுத்த உறுப்புக்கு ஓரிடம். தமிழ் வார்ப்பில் அச்சொல் 'மற்றும்'.

தமிழ் மரபு இதுவன்று. உம் என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் எட்டுப் பொருள்களுள் எண் ஒன்று. எண்ணும்மை உறுப்புகளுக்கிடையில் நிற்பதில்லை. ஒவ்வோர் உறுப்பின் ஈற்றிலும் ஒட்டி, அவ்வீற்றையே மாற்றுகின்றது. வார்ப்புக்கோ உறுப்பினுள் நுழையும் உரிமை இல்லை. 'மன்னார்' என்பதோடு 'உம்' வெறுமனே சேர்ந்தால் திரையில் தோன்றுவது 'மன்னார்உம்'. பதுளை பதுளையும் ஆகும். கொழும்பு உகரம் இழந்து கொழும்பும் ஆகும். கால் காலும் ஆக, கல் கல்லும் ஆகும். காசு காசும் ஆக, பசு பசுவும் ஆகும். தனிக்குறிலின்பின் ஒற்று இரட்டுதலும் குற்றியலுகரம் கெடுதலும் நன்னூலில் விதிகளாகவே உள்ளன. அவற்றைச் செய்நிரலாக்குதல் அரிதன்று. ஸ்பானிய மொழியின் 'இ' என்னும் இணைப்புச் சொல், இகர ஓசையில் தொடங்கும் சொல்லின் முன் 'எ' எனத் திரியும். அத்திரிபைக் கவனிக்க ஐ.சி.யூ. நூலகத்தில் தனிப்பகுதியே எழுதப்பட்டுள்ளது. ஆதலின் வார்ப்பு உறுப்பை நோக்கலாகாது என்பது மாற்றவியலாத நியதியன்று. 'மற்றும்' இங்கு நுழைந்தது தமிழின் தேவையாலன்று, வார்ப்பின் வசதியாலேயே.

உண்மையான இடர்ப்பாடு இலக்கங்களிலே எழுகின்றது. 7 என்பதன் ஈறு எழுத்தில் தெரிவதில்லை. 'ஏழு' என வாசித்தாலன்றி 'ஏழும்' பிறவாது. அச்சுத் தமிழ் '7உம்' என எழுதி, அப்புணர்ச்சியை வாசிப்பவரின் நாவுக்கு விட்டுவிடுகின்றது.