மூதூர் வகுப்பறைகளில் கைத்தொலைபேசி: எட்டியதும் எட்டாததும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூர்ப் பிரதேசத்தில் பாடசாலைகளின் கதையை இடப்பெயர்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 2006 இல் சம்பூர்ப் பகுதித் தமிழ் மக்கள் வாகரை ஊடாக மட்டக்களப்புக்குச் சென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் நகர முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களிற் பலர் பின்னர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். கடற்படை வசமிருந்த சம்பூர்க் காணிகளில் ஒரு பகுதி 2016 மார்ச்சிலேயே விடுவிக்கப்பட்டது. நாட்டின் பிற பாடசாலைகளில் கணினிக் கூடங்கள் பெருகிய காலத்தை இப்பிள்ளைகளிற் பலர் தறப்பாள் கொட்டில்களில் கழித்தனர்.

இப்பிரதேசத்தில் இடைநிலை வகுப்புகளுக்குக் கற்பிப்பவன் என்ற வகையில், டிஜிட்டல் கல்வி எங்கே தடைப்படுகிறது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, கருவி. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதும் பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறின. வீட்டில் ஒரேயொரு கைத்தொலைபேசி. அதுவும் தந்தையுடன் கடலுக்கோ வயலுக்கோ போய்விடும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதுபவருக்கே முதலிடம். இளையவர்களின் பாடம் விடுபட்டது.

இரண்டாவது, செலவு. டேட்டாவுக்கு ஆசிரியரும் பெற்றோரும் சொந்தப் பணத்தையே செலவிட்டனர். 2021 ஜூலை 12 முதல் சம்பள முரண்பாட்டை முன்வைத்து நாடளாவிய ரீதியில் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது இந்தச் சுமையும் பேசப்பட்டது. 2022 இல் மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன.

மூன்றாவது, மொழி. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எங்கள் வினாத்தாள்களும் குறிப்புகளும் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகின. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளையே. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் பிள்ளைக்குத் தெரிவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அதைத் தமிழில் தேடவும் முடியாது. யுனிகோட்டில் அடித்தாலோ, பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினாலோ எழுத்துகள் சரியாகத் தெரியும். யுனிகோட்டில் அடித்ததைத் தேடவும் முடியும்.

குறைந்த வசதியிலும் செய்யக்கூடியவை உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்மொழிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் தமிழ்மொழிப் பாடங்கள் உள்ளன. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் கிடைக்கின்றன. இவற்றை ஒருவர் ஒருமுறை தரவிறக்கி மெமரி கார்டிலோ புளூடூத்திலோ பகிர்ந்தால் வகுப்பு முழுவதற்கும் டேட்டா தேவையில்லை. ஒரு மணிநேரக் காணொளியை விட ஐந்து நிமிடக் குரற்பதிவும் கரும்பலகைப் படமும் பல வீடுகளைச் சென்றடைகின்றன.

ஆயினும் இவை தற்காலிக வழிகள்தாம். எத்தனை கணினிகள் வழங்கப்பட்டன என்ற கணக்கு மட்டும் போதாது. அவற்றில் எத்தனை இயங்குகின்றன, பழுதானால் யார் திருத்துவது, பாடசாலை முடிந்தபின் பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்த முடியுமா என்பவற்றைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் பெற்றோர் கேட்க வேண்டும். சம்பூர்ப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் தமிழ்மொழி மூலம் எழுதுவது ஒரே வினாத்தாளைத்தான். முகாமில் போன ஆண்டுகளுக்கென்று அங்கே புள்ளிகள் எதுவும் கூட்டித் தரப்படுவதில்லை.