கோல்ஃப் களத்தில் வெயிலும் முழுக்கால்சட்டையும்

கோல்ஃப் ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் வளர்ந்த ஆட்டம். கம்பளிக் கோட்டும் டையும் அங்கு வீசும் குளிர்காற்றுக்குப் பொருத்தமானவை. 1829இல் கல்கத்தாவில் கிளப் தொடங்கிய காலம் முதல் ஆட்டம் வெப்பநாடுகளில் வேரூன்றியபோது, கனவானுக்குரிய உடை எது என்ற எண்ணமும் அதனுடன் வந்து சேர்ந்தது. காலப்போக்கில் கோட்டும் டையும் கழன்றன. முழுக்கால்சட்டை மட்டும் நிலைத்தது. மரபு என்று மட்டும் இதற்குக் காரணம் சொல்லிவிட முடியாது. 1920களில் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் அணிந்தது முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் ‘பிளஸ் ஃபோர்ஸ்’. அதற்குக் கீழே நீண்ட காலுறை. ஆக, கால்சட்டையின் நீளத்தைவிடக் கால் வெளியே தெரியக் கூடாது என்பதே உண்மையான விதியாக இருந்திருக்கிறது.

வெயிலின் ஆபத்தை அமைப்பாளர்கள் அறியாமல் இல்லை. 1964 ஜூனில் வாஷிங்டன் அருகிலுள்ள காங்கிரஷனல் கிளப்பில் அமெரிக்க ஓப்பன் நடந்தது. இறுதி நாளில் 36 குழிகளையும் ஆடியாக வேண்டும். வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தது. காலைச் சுற்றை 66 அடிகளில் முடித்த கென் வென்டூரி அதற்குள் துவண்டுபோயிருந்தார். தொடர்ந்து ஆடுவது உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்தும் அவர் விலகவில்லை. இடைவேளையில் படுத்து ஓய்வெடுத்து, உப்பு மாத்திரைகளை விழுங்கிவிட்டு மீண்டும் களமிறங்கினார். மருத்துவர் உடன் நடந்துவர, பிற்பகலில் 70 அடித்து நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார். மறு ஆண்டே போட்டி நாளுக்கு 18 குழிகள் வீதம் நான்கு நாட்களாக்கப்பட்டது. அட்டவணை மாறியது; உடை மாறவில்லை.

1983இல் ஓக்மான்ட்டில் நடந்த அமெரிக்க ஓப்பனில் ஆட்டக்காரர் ஃபாரஸ்ட் ஃபெஸ்லர் கடைசிக் குழியை அரைக்கால்சட்டையில் ஆடியது அமைப்பாளர்கள் மீதான எதிர்ப்பு. அதை வெயிலின் கணக்கில் சேர்ப்பது சரியல்ல.

உடை விதியை வெயில் அசைத்தது 1999இல்தான். சிகாகோ அருகே நடந்த வெஸ்டர்ன் ஓப்பனில், ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் உதவியாளரான கேடி ஒருவர் கடும் வெப்பத்தில் சுருண்டு விழுந்தார். கேடியின் தோளில் தொங்கும் பை ஏறத்தாழ 20 கிலோ. அதைச் சுமந்தபடி 18 குழிகளையும் அவர் நடந்தே கடக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. உடல் தன் சூட்டை வெளியேற்றத் திணறும். கால்களைத் துணியால் மூடுவது அந்தத் திணறலைக் கூட்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் கேடிகளுக்கு அரைக்கால்சட்டையை அனுமதித்தது. ஆட்டக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஒரே வெயிலில் ஒரே தூரம் நடக்கும் இருவருக்கு இரண்டு விதிகள்! உடல்நலத்தை மட்டும் கருதியிருந்தால் இந்தப் பிரிவினைக்கு இடமே இருந்திருக்காது. தொலைக்காட்சியில் தெரியும் ஆட்டக்காரரின் தோற்றமே கடைசிவரை காக்கப்பட்டது என்பது என் முடிவு.

பின்வந்த தளர்வுகளும் இதையே காட்டுகின்றன. ஐரோப்பிய டூர் 2016 ஜனவரியிலும், பிஜிஏ டூர் 2019 பிப்ரவரியிலும் ஆட்டக்காரர்களுக்கு அரைக்கால்சட்டையை அனுமதித்தன. பயிற்சிச் சுற்றுகளுக்கும் அமெச்சூர்களுடன் ஆடும் புரோ-ஆம் ஆட்டங்களுக்கும் மட்டுமே அந்த அனுமதி பொருந்தியது. போட்டிச் சுற்றுகளிலேயே அதைப் பொதுவாக ஏற்றது, மரபுக் கட்டமைப்புக்கு வெளியே உருவான எல்ஐவி தொடர். 2022 செப்டம்பரில், அதுவும் சிகாகோ போட்டியின் நடுவில்.