தொட்டவர்களும் கண்டுபிடித்தவர்களும்

சின்ன காஞ்சிபுரத்தில் பல வைணவ வீடுகளில் சாளக்கிராமம் இருக்கிறது. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் கறுத்த கல். அதற்குச் சந்தனம் அரைப்பது, பூஜைப் பாத்திரம் துலக்குவது, தளிகை செய்வது எல்லாம் பெண்கள். கல்லைத் தொட்டுத் திருமஞ்சனம் செய்வது மட்டும் ஆண்கள். தொடக்கூடாது என்பதற்குச் சொல்லப்படும் காரணம் நாம் அறிந்ததுதான். கல்லுக்குள் தெரியும் சக்கரம், அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடு பதிந்த தடம். கணவாய்க்குத் தூரத்து உறவான அந்த இனம் டைனோசர்களோடு அழிந்துபோனது.

அதன் ஓடுகள் தமிழ்நாட்டில் தீட்டு பார்க்காமல் கிடக்கும் இடம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்த மண், இன்று மழை அரித்து அரித்துச் செம்மண் மேடும் பள்ளமுமாக நிற்கிறது. மரம் இல்லை. ஜிப்சம் நரம்புகள் வெயிலில் மினுங்குகின்றன. நாங்கள் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, குனிந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். "நத்தையாட்டம் இருக்கும் பாரு. ஒவ்வொரு மழைக்கும் புதுசா மேல வரும்." அந்த நிலம் உருவாகும் விதத்தை நான் பிறகு புத்தகங்களில் படித்தேன். அவர் சொன்னதற்கு மேல் அதிகமில்லை.

இப்பகுதிப் புதைபடிவங்களை கே, கன்லிஃப் என்ற இரு வெள்ளையர்கள் திரட்டினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டன் புவியியல் சங்கத்தின் வெளியீட்டில் அவற்றை விவரித்தார். அறிக்கையின் தலைப்பிலேயே அவ்விருவர் பெயரும் உண்டு. பின்னர் விரிவாக ஆராய்ந்த ஸ்டோலிச்காவின் பெயரில் ஓர் அம்மோனைட் பேரினமே இருக்கிறது. அதே சங்கம் பெண்களை உறுப்பினராக்கியது 1919இல். இங்கிலாந்துக் கடற்கரைப் பாறைகளில் புதைபடிவங்களைத் தோண்டி விற்றே பிழைத்த மேரி ஆனிங், ஃபோர்ப்ஸின் அறிக்கை வந்த மறு ஆண்டு இறந்தார். அவர் எடுத்த எலும்புகளைப் பற்றி ஆண்கள் அச்சங்கத்தில் கட்டுரை வாசித்தார்கள்.

சாத்தனூர்க் கல்மரத்துக்கும் போகலாம். சுமார் 18 மீட்டர் நீளம், கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் 'கண்டுபிடித்தார்' என்கிறார்கள். இன்ன காலத்து மரம், எப்படிக் கல்லானது என்று சொன்னது புவியியல். அது சிறிய காரியமல்ல. ஆனால் தமிழ் கற்பிப்பவளுக்கு அந்த வினைச்சொல் உறுத்துகிறது. ஊருக்கு அருகில் கிடக்கும் 18 மீட்டர் கல்லை விறகு பொறுக்கப் போனவள் பார்த்திருக்க மாட்டாளா? அவள் செய்தது வெறும் 'காணல்'. 'பிடித்தல்' என்பது எழுதுகிறவருக்கு.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் எங்கள் ஊர்ப் பெருமாளின் பெயரில் கலியுக வரதராசர் இருக்கிறார். மூலவர் ஒரு கல்தூண். அங்கே சுண்ணாம்புக்கல் முழுக்கச் சிப்பிகள். சுரங்கங்களில் அள்ளி சிமெண்ட் ஆக்குகிறார்கள். நம் வீட்டுச் சுவரில் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம்.

போகிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் கிடைக்காது. கல் எதையும் பைக்குள் போடாதீர்கள். மேய்ப்பவர்களைக் கண்டால் வழி மட்டும் கேட்டுவிட்டு நகராமல், அவர்கள் என்னென்ன பார்த்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பெயரையும் எழுதிக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.