125-வது எண் தந்த பாடு

நாரணாபுரத்தில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். வயசு ஐம்பத்தைந்து. கொஞ்ச நாளாக வயிறு உப்பிக்கிட்டே இருக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டாலே போதும் என்கிறது. 'கேஸ் தொந்தரவு' என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். பெரும்பாலும் அது வெறும் கேஸ்தான். ஆனால், சினைப்பையில் வரும் புற்றுநோயும் இதே வேஷத்தில்தான் வரும். வயிறு முழுக்கப் பரவிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது. ஆரம்பத்திலேயே பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்து ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள்.

அப்படியானால், கொஞ்சம் ரத்தம் எடுத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

இதே கேள்வியோடு பாஸ்டன் நகரில் உட்கார்ந்திருந்தார் டாக்டர் ராபர்ட் பாஸ்ட். அவர் குழு புற்றுச் செல்களை எலிக்குள் செலுத்தியது. அந்தச் செல்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் எலியிடமிருந்து கிடைக்குமா என்று சலித்தெடுத்தது. 125-வது எண்தான் தேறியது! 1981-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். இன்று லேப் ரிப்போர்ட்டில் 'சிஏ 125' என்று நீங்கள் பார்ப்பது அந்த எண்தான். 1983-ல் சோதித்தபோது, 101 நோயாளிகளில் 83 பேருக்கு அளவு 35-ஐத் தாண்டியிருந்தது. ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அப்படி.

பிரமாதம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றியவர்கள். ஆரம்பக் கட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த அளவு ஏறுவதே இல்லை. போதாக்குறைக்கு மாதவிலக்கு, கர்ப்பம், கர்ப்பப்பைக் கட்டி என்று எதற்கும் ஏறும். வயிற்றுக்குள் காசநோய் இருந்தாலும் எகிறும். நம் ஊரில் அதைப் புற்றுநோய் என்று நினைத்து வயிற்றைத் திறந்து பார்த்த கதைகள் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய 10,000 பெண்களை வரிசையில் நிறுத்தினால், இந்த நோய் இருக்கக்கூடியவர் சுமார் நான்கு பேர். டெஸ்ட் நூற்றில் இரண்டு பேரிடம் மட்டும் தப்புச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 200 பேர் தூக்கம் கெட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள், அந்த நாலு பேரைத் தேடுவதற்காக!

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் 78,216 பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. நோய் இல்லாமலே 'இருக்கலாம்' என்று முத்திரை வாங்கியவர்கள் 3,285 பேர். அதில் 1,080 பேர் ஆபரேஷன் வரை போனார்கள். 163 பேருக்குக் கடுமையான பாதிப்பு. காப்பாற்றப்பட்ட உயிர்கள்? சாவு எண்ணிக்கை குறையவே இல்லை.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 2002-ல் ஓர் அமெரிக்கக் குழு ரத்தப் புரதங்களின் கோலத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, 50 நோயாளிகளில் 50 பேரையும் பிடித்துவிட்டோம் என்றது. பத்திரிகைகள் கொண்டாடின. புள்ளியியல்காரர்கள் தோண்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் பிடித்தது நோயையா, ரத்த மாதிரிகளை மெஷினில் ஓட்டிய விதத்தில் இருந்த வித்தியாசத்தையா என்ற சந்தேகம் கிளம்பியது. அத்தோடு கொண்டாட்டம் அடங்கியது.

சளைக்காமல் இறங்கியது பிரிட்டன். உஷா மேனனும் இயான் ஜேக்கப்ஸும் 2001-ல் தொடங்கி 2,02,638 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு முறை அளவைப் பார்த்துவிட்டு முடிவு கட்டாமல், வருஷா வருஷம் அது ஏறுகிறதா என்று பார்த்தார்கள். புத்திசாலித்தனமான யோசனை. நோய் முன்னதாகவே பிடிபடவும் செய்தது. 2021-ல் இறுதிக் கணக்கு வந்தது. இறந்தவர்களின் விகிதத்தில் மாற்றமே இல்லை! சீக்கிரம் கண்டுபிடிப்பது வேறு, உயிர் பிழைக்க வைப்பது வேறு என்று இருபது வருஷ உழைப்பு காட்டிக்கொடுத்தது.

இதில் ஆளைக் கொல்லும் ரகம் பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை, பக்கத்திலுள்ள கருக்குழாயின் நுனியில்தான் முளைக்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கிறது. தேடல் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஆக, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் சிஏ 125-ஐச் சேர்த்து விற்றால், எதற்கு என்று தாராளமாகக் கேளுங்கள். நாரணாபுரத்து அக்காவின் கதை வேறு. ரெண்டு மூணு வாரமாகியும் உப்புசம் அடங்கவில்லை என்றால் அவருக்கு இந்த ரத்தப் பரிசோதனையும் வேண்டும், வயிற்று ஸ்கேனும் வேண்டும். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிவகாசியிலிருந்து பஸ் உண்டு.