கெட்சால்டெனாங்கோ

கெட்சால்டெனாங்கோ, மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் உள்ள நகரம்; அதே பெயருடைய மாவட்டத்தின் தலைநகர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,330 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகராட்சிப் பகுதியில் ஏறத்தாழ 1,80,000 பேர் வாழ்ந்தனர். கிச்சே, மாம் ஆகிய மாயா இனத்தவரும், ஸ்பானிய மொழி பேசும் லதினோ மக்களும் இங்கு வாழ்கின்றனர்.

பெயர்: ஊரின் பழைய மாயாப் பெயர் ஷேலாஹு. அதில் 'பத்தின் கீழ்' என்னும் பொருள் உண்டு. சூழ்ந்து நிற்கும் மலைகளை அது சுட்டுவதாகக் கூறுவர். ஸ்பானியருடன் வந்த நஹுவா படையினர் 'கெட்சால் பறவையின் இடம்' என்னும் பொருள்படும் இன்றைய பெயரை இட்டனர். ஆயினும் ஊர்மக்கள் நாவில் வழங்குவது 'ஷேலா' என்பதே.

நிலமும் காலநிலையும்: எரிமலைகள் சூழ்ந்த அகன்ற பள்ளத்தாக்கில் நகரம் அமைந்திருக்கிறது. தெற்கே 3,772 மீட்டர் உயரமுள்ள சாந்தா மரியா எரிமலை கூம்பாக எழுந்து நிற்கிறது. அருகே பாயும் சமாலா ஆறு மலையைப் பிளந்துகொண்டு தெற்கே இறங்கிப் பசிபிக் கடலில் கலக்கிறது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். வறண்ட மாதங்களில், குறிப்பாக டிசம்பர், ஜனவரி இரவுகளில், குளிர் கடுமையாக இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த வளமான மண்ணில் காய்கறிகள் செழிக்கின்றன. அண்டையிலுள்ள அல்மோலோங்கா அதற்குப் பெயர் பெற்றது.

வரலாறு: இப்பகுதி முதலில் மாம் மக்களுடையது; 15ஆம் நூற்றாண்டில் கிச்சே அரசு இதைக் கைப்பற்றியது. 1524இல் பெத்ரோ தெ அல்வராதோ தலைமையில் வந்த ஸ்பானியப் படை, இவ்வட்டாரத்தில் நடந்த போர்களில் கிச்சேயரை வென்றது. அப்போர்களில் வீழ்ந்ததாகப் போற்றப்படும் தெக்குன் உமான் பிற்காலத்தில் குவாத்தமாலாவின் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார்.

ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற பின், நாட்டின் தலைநகர வணிகர்களின் ஆதிக்கத்தை மலைநாட்டுச் செல்வர்கள் வெறுத்தனர். 1838 பிப்ரவரியில் கெட்சால்டெனாங்கோவைத் தலைநகராகக் கொண்டு 'லோஸ் ஆல்தோஸ்' என்ற தனி மாநிலம் அறிவிக்கப்பட்டது. 1840இல் குவாத்தமாலாவின் படைத்தலைவர் ரஃபாயேல் கர்ரேராவின் படை அதை அடக்கியது. ஆயினும் தனித்தன்மை உணர்வு இங்கு மறையவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்குச் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின; அந்த வருவாய் நகருக்கு வளம் சேர்த்தது. 1902 அந்த வளத்தை உலுக்கியது. ஏப்ரலில் நிலநடுக்கம் நகரைச் சிதைத்தது. அக்டோபரில், அதுவரை வெடித்ததாக எந்தப் பதிவும் இல்லாத சாந்தா மரியா வெடித்தது. இது 20ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளுள் ஒன்று; ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், தோட்டங்கள் சாம்பலில் புதைந்தன. அப்போது உண்டான பள்ளத்தில் 1922 முதல் வளர்ந்துவரும் சாந்தியாகித்தோ குவிமாடம் இன்றும் புகைகிறது.

போக்குவரத்து: விளைபொருளைக் கடற்கரைச் சமவெளிக்கு இறக்குவதே இந்நகரின் நெடுநாள் தேவை. அதற்காக அமைந்த 'லோஸ் ஆல்தோஸ்' மின்சார ரயில்பாதை 1930இல் திறக்கப்பட்டது. செங்குத்தான சரிவில் இறங்கி சான் ஃபெலிப்பே ஊரை அடைந்தது. 1933இல் பெருமழை அதைச் சிதைத்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. இன்று சுனில் ஊர் வழியாகச் சமாலா ஆற்றை ஒட்டி இறங்கும் சாலை, ரெதாலுலேயு பக்கத்துக் கடற்கரை நெடுஞ்சாலையுடன் நகரை இணைக்கிறது. வடகிழக்கே சல்காஹா வழியாகச் செல்லும் சாலை, 'நான்கு சாலைகள்' எனப் பொருள்படும் குவாத்ரோ காமினோஸ் சந்திப்பில் பான் அமெரிக்க நெடுஞ்சாலையை அடைகிறது. அங்கிருந்து கிழக்கே தலைநகரும் வடமேற்கே மெக்சிகோ எல்லையும் உள்ளன. நகரிலிருந்து தலைநகர் சுமார் 200 கிலோமீட்டர்.

இக்காலம்: 1951 முதல் 1954 வரை குடியரசுத் தலைவராக இருந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்த ஹகோபோ ஆர்பென்ஸ் 1913இல் இங்கு பிறந்தவர். 1995இல் ரிகோபெர்தோ கெமே சாய் நகரின் முதல் மாயா மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நகரம் இன்று மேற்கு மலைநாட்டின் வணிக, கல்வி மையமாக விளங்குகிறது. ஸ்பானிய மொழி கற்க வெளிநாட்டு மாணவர்களும் வருகின்றனர்.