கடலோரக் குஞ்சு பொரிப்பகக் கட்டடம்

மீன், இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கும் கடல் ஆய்வுக்கூடங்களுக்கும் கடலோரத்தில் எழுப்பப்படும் கட்டடம். இதற்கு உப்பு இரு பக்கமும் பகை. வெளியே உப்புக் காற்று வீசுகிறது. உள்ளே காற்றேற்றும் தொட்டிகளிலிருந்து உப்புத்திவலை ஓயாமல் தெறிக்கிறது. வெளிச்சுவரின் உப்பை மழையாவது கழுவிவிடும். உட்கூரையில் அது படிந்தபடியே இருக்கும் என்பதால் உட்புறத்துக்கே கூடுதல் கவனம் தேவை.

கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உப்பிலுள்ள குளோரைடு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை எட்டினால் அது துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. எனவே கம்பியின் மேலுள்ள கான்கிரீட் உறையின் கனம்தான் கட்டடத்தின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000, கடலோரச் சூழலுக்கு எம்30 தரக் கான்கிரீட்டும் 45 மி.மீ. உறையும், கடல்நீர்த் தெறிப்புக்கு எம்35, 50 மி.மீ., அலையேற்ற இறக்கப் பகுதிக்கு எம்40, 75 மி.மீ. எனவும் வகுக்கிறது. கடல்நீரால் கலவை போடுவதும் நீராற்றுவதும் கூடாது.

உறுதியான பொருளெல்லாம் இங்கே உதவாது. செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சுக் குழாய்களிலிருந்து கசியும் உலோகம் இளம் இறால்களைக் கொல்லும், ஆகவே பி.வி.சி., கண்ணாடியிழைக் குழாய்களே ஏற்றவை. புதிய சிமென்ட் தொட்டியின் சுண்ணாம்பு, நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பலமுறை நீர் நிரப்பி வடித்த பிறகே குஞ்சுகளை விட வேண்டும்; அவசரப்படுவது பெரும் பிழை. கடலோரத்தில் பொருள்கள் அரிக்கப்படுவதைச் சோதிக்க, மண்டபம் என்னும் ஊரில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடல்சார் அரிமானச் சோதனை நிலையம் நடத்துகிறது.